மேற்கோள் குறிகளை ஒளித்தது யார்?

ஆர்ச் கேட்டைத் தாண்டி நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் வாங்க. மர நிழலில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு, லீவுக்கு வந்த இன்ஜினியரிங் மாணவி, அவள் லேப்டாப்பில் விம் எடிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வரிகள் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கின்றன என்று மெல்லிய கோடு போட்டுக் காட்டும் ‘இன்டென்ட்லைன்’ பிளகினை நேற்றுதான் போட்டாள். இன்று ஒரு ஜேசான் கோப்பைத் திறந்தால், இரட்டை மேற்கோள் குறி ஒன்றைக்கூடக் காணோம்! மேற்கோள் குறி இல்லாத ஜேசானை எந்த நிரல் ஏற்கும்?

பதற வேண்டாம். டெர்மினலில் ‘கேட்’ கட்டளை கொடுத்துப் பார்த்தால் குறிகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. திரையில்தான் மறைந்திருக்கின்றன.

இனிமேல்தான் கொண்டாட்டம்! மாற்றியது யாரென்று விம்மிடமே கேட்டுவிடலாம். ‘வெர்போஸ் செட் கன்சீல்லெவல்’ என்று அடித்துக் கடைசியில் ஒரு கேள்விக்குறி. எழுத்தை மறைக்கும் அளவான கன்சீல்லெவலின் மதிப்பு 2 என்கிறது. அடுத்த வரியில் ‘லாஸ்ட் செட் ஃப்ரம்’ என்று, மாற்றிய கோப்பின் பாதையையே நீட்டுகிறது. புதிய பதிப்புகளில் எத்தனையாவது வரி என்பதுகூட வரும். இப்படிக் கேட்ட மாத்திரத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! 1991இல் விம்மை முதலில் வெளியிட்டு, 2023இல் மறையும்வரை அதைப் பேணிய பிராம் மோலெனாருக்கு இதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

பிளகின் மேல் பெரிய குற்றமும் இல்லை. எழுத்தை மறைக்கவோ வேறு எழுத்தாகக் காட்டவோ உதவும் கன்சீல் வசதி 2010இல், விம் 7.3இல் வந்தது. வரித் தொடக்க இடைவெளியைக் கோடாகக் காட்ட அந்த வசதி வேண்டும். அதனால் 0இல் கிடந்த அளவைப் பிளகின் 2 ஆக்கிக்கொண்டது. விம்மின் சொந்த ஜேசான் தொடரியல் கோப்போ மேற்கோள் குறிகளை ‘மறைக்கத்தக்கவை’ என்று முன்பே குறித்து வைத்திருந்தது. இரண்டும் சந்தித்தன, குறிகள் மாயம்!

விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் கன்சீல்லெவல் 0 என்று எழுதினால் தீருமா? தீராது. மேல்மண்ணை அகற்றினால்தான் பழுப்பு நிலக்கரி என்று அறிந்த ஊருக்கு இது எளிதில் புரியும்: அமைப்புகளும் அடுக்கடுக்காகப் படிகின்றன. விம்ஆர்சி அடியில், பிளகின் அதற்கு மேல். கடைசியாகச் சொன்னதே நிற்கும். ஏற்றப்பட்ட வரிசையை ‘ஸ்கிரிப்ட்நேம்ஸ்’ அப்படியே காட்டும். அளவைத் தொடாமல், ஜேசான் மேற்கோள் குறிகளை மட்டும் மறைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். குறிகளும் திரும்பும், கோடுகளும் இருக்கும்.

விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு, இப்படி ஆளைத் தேட ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ இருக்கிறது. நீட்சிகளில் பாதியை அணைத்து, ‘இன்னும் கோளாறு இருக்கிறதா?’ என்று கேட்கும். மீதியில் மறுபடி பாதி. 32 நீட்சிகள் இருந்தாலும் 5 சுற்றில் ஆள் அகப்படுவார்!