பெடலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான்

மணவாளநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, சேஸிஸ் வரை பிரித்து, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறாராம். பெயிண்ட், சீட், டயர் எல்லாம் மனம்போல் அமைந்துவிட்டன. பின்னால் எல்.இ.டி. விளக்கும் மாட்டியாயிற்று. தொல்லை ஒன்றே ஒன்றுதான்: பிரேக் லைட் சில சமயம் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை. புதுப்பேட்டையில் வேறு வேறு சுவிட்ச் வாங்கிப் போட்டும் தீரவில்லை. எந்தக் கம்பெனி சுவிட்ச் நல்லது என்று கேட்கிறார்.

கம்பெனியை விடுங்கள், முதலில் எந்த வகை என்று பார்ப்போம். (ஜீப்பை எவ்வளவு மாற்றலாம் என்பது தனிக் கதை. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகளில் பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் இருக்காது. மாஸ்டர் சிலிண்டரில் திருகியிருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு தகட்டைத் தள்ளி இரண்டு முனைகளையும் சேர்க்கும். பெடல் எந்த உயரத்தில் இருந்தாலும் கவலையில்லை, அட்ஜஸ்ட் செய்யவும் ஒன்றுமில்லை. அதனால்தான் பட்டறைக்காரர்களுக்கு இது பிடிக்கும்.

எனக்குப் பிடிக்காது. பழைய வகைகளில் பல, விளக்கை எரிக்க 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் கேட்கும். நெரிசலில் மெல்லப் பெடலைத் தொட்டுத் தொட்டுப் போகும்போது அவ்வளவு அழுத்தம் வராது. வண்டி வேகம் குறையும், விளக்கு எரியாது. இன்னொன்றும் உண்டு. பிரேக் லைன் எங்காவது வெடித்து ஆயில் கொட்டினால், பெடல் தரையைத் தொடும், அழுத்தம் மட்டும் ஏறாது. ஓட்டுகிறவர் ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் வைத்துப் போராடிக்கொண்டிருப்பார்; பின்னால் வருகிறவருக்கு ஒரு துளி சிவப்பும் தெரியாது. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த சுவிட்ச் கசிந்தாலே பிரேக் போய்விடும்.

பெடலில் மாட்டும் இயந்திர சுவிட்சில் இந்த ஆபத்து இல்லை. பெரும்பாலும் இது தலைகீழாக வேலை செய்யும். பெடல் சும்மா இருக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், விளக்கு அணைந்திருக்கும். மிதித்ததும் பொத்தான் விடுபட்டு, ஸ்பிரிங் முனைகளைச் சேர்த்துவிடும். பெடலில் பொத்தான் படும் இடத்தில் ஒரு சின்ன ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கும் சில வண்டிகளில். அது வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து உதிர்ந்தால், பிரேக் லைட் இரவும் பகலும் எரியும். மிதியடியில் காரணமில்லாமல் பிளாஸ்டிக் தூள் கிடந்தால் அதைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எப்போதும் எரியும் பிரேக் லைட்டும் எரியாத பிரேக் லைட்டும் பின்னால் வருகிறவருக்கு ஒன்றுதான்.

சரி, நான் அதிகம் மயங்கும் இடத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு முனைகள். எலக்ட்ரீஷியன்கள் கான்டாக்ட் என்பார்களே, அவை. பழைய பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். ஆனால் குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழைக்கு மின்தடை மிகக் குறைவு. எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் பத்து மடங்கு வரை மின்சாரம் பாயும். மெல்ல மிதித்தால் முனைகள் மெல்ல நெருங்கும், மெல்லப் பிரியும். ஒவ்வொரு முறையும் பொறி பறந்து கொஞ்சம் கருகும். பொத்தானை எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் உள்ளே ‘டக்’ என்று தாவும் மைக்ரோ சுவிட்ச் வகையில் இந்தக் கருகல் குறைவு. கடையில் வாங்கும்போது காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள், சத்தம் சொல்லிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மறுபாதிதான் வேடிக்கை. கான்டாக்ட்டுக்கு மின்சாரம் அதிகமானாலும் ஆகாது, மிகவும் குறைந்தாலும் ஆகாது! வெள்ளி முனைகள் காற்றிலிருக்கும் கந்தகத்தால் கொலுசு கறுப்பதைப் போலக் கறுக்கும். பழைய பல்பு இழுத்த மின்சாரம் அந்தக் கறுப்பை ஒவ்வொரு மிதிக்கும் எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. எல்.இ.டி. போட்டதும் மின்சாரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. சுத்தம் செய்ய ஆளில்லை. கனமான மின்சாரத்துக்கென்று செய்த சுவிட்ச், லேசான வேலை கொடுத்ததும் மக்கர் செய்கிறது. அத்திப்பட்டில் நிலக்கரி எரிகிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருகுகிறது, பழவேற்காட்டிலிருந்து உப்புக்காற்று வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் காற்றில் மூடி போடாத சுவிட்ச் நிலைக்காது. சீல் செய்த மைக்ரோ சுவிட்ச் வாங்குங்கள். மிகச் சிறிய மின்சாரத்துக்கு என்றே தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ளவையும் கிடைக்கும். பல்பே வைத்திருப்பவர்கள் ஹாரனுக்குப் போடும் அதே ரிலேயைப் போட்டால், சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கினால் போதும், கருகாது.

எல்.இ.டி. போட்டது வீண் என்று சொல்லவில்லை. பழைய பல்பு சூடாகி வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த நேரத்தில் நாலு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். விளக்கில் சம்பாதித்ததை அழுத்தத்துக்குக் காத்திருக்கும் சுவிட்சில் தொலைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

இந்த மாவட்டத்துக்கு வண்டி கட்டும் பழக்கம் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால சோழவரம் ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்த பிறகு அது அடங்கியது. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்குப் பிரேக் லைட் கிடையாது. பின்னால் வருகிறவனுக்கும் எங்கே பிரேக் பிடிப்பார்கள் என்று தெரியும். திருவள்ளூரில் 1998 முதல் லான்சர் தயாரித்த அதே வளாகத்தில் இன்று சிட்ரோன் தயாராகிறது. இப்போதைய கார்களில் இந்த சுவிட்ச் கணினிக்கும் சேதி சொல்கிறது. பலவற்றில் உள்ளே இரண்டு கான்டாக்ட்: ஒன்று மூடினால் மற்றது திறக்கும். இரண்டும் முரண்பட்டால் கணினி கண்டுபிடித்துவிடும். ஆட்டோமேட்டிக் காரில் சுவிட்ச் செத்தால் கியர் ‘பி’யை விட்டு நகராமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

கணினி இல்லாத வண்டிகளை யார் பார்ப்பது? கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பி லோடு ஏற்றி இறங்கும் டிரெய்லர்களைப் பாருங்கள். ஏர் பிரேக் வண்டிக்கு அமெரிக்க விதி 6 பி.எஸ்.ஐ.க்குள் பிரேக் லைட் எரியவேண்டும் என்கிறது. நம்மூர் டிரெய்லரில் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கும், பின்னால் போகும் கேபிள் பிளக் கழன்று தொங்கும், விளக்கில் சேறு அப்பியிருக்கும். செங்கல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் பலவற்றில் விளக்கே இல்லை. லோடு கட்டும் கயிற்றுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியை அந்தப் பிளக்குக்குக் காட்டியிருந்தால், இரவில் அந்தச் சாலையில் இடித்து நிற்கும் கார்கள் குறைந்திருக்கும்.

மணவாளநகர் நண்பருக்கு: முதலில் விளக்கின் எர்த் கம்பியைப் பாருங்கள். புதுப் பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் சுவிட்சின் மேல் பழிபோட வேண்டாம், சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பெடல் பிராக்கெட்டில் சீல் செய்த மைக்ரோ சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, பிரேக் பிடிப்பதற்கு முந்தைய ஃப்ரீ பிளேயிலேயே விளக்கு எரியும்படி வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் பழைய சுவிட்ச் இருந்த ஓட்டையைச் சரியான பிளக் போட்டு மூடி, காற்றை வெளியேற்றுங்கள். பழைய சுவிட்சை எடுக்க மனமில்லை என்றால் டாட் 5 சிலிகான் ஆயில் மட்டும் ஊற்றாதீர்கள். அழுத்த சுவிட்சுகள் அதில் சீக்கிரம் கெடுவது பழைய வண்டிக்காரர்கள் பலர் கண்டது. டாட் 3 அல்லது டாட் 4 போதும்.