தபாலில் கட்டிய பாட்டு

உங்கள் வீட்டுப் பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறானா? "வெட்டி வேலை" என்று உடனே ஏசிவிடாதீர்கள். கிள்ளானில் இருந்தபடியே, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தோழனோடு சேர்ந்து அவன் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

இதெப்படி முடியும் என்கிறீர்களா? நம் கோயில் திருவிழாவில் உறுமிமேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே அடிக்கிறார்கள். ஆனால் மின்னிசையில் ஒருவன் தாளத்தைச் செய்து அனுப்புவான். மற்றவன் அதன்மேல் ராகமும் பாட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்புவான். கடிதப் போக்குவரத்து மாதிரிதான்.

உண்மையாகவே தபாலில் பாட்டுச் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜிம்மி டம்பொரெல்லோ மின்னிசை செய்தார். அதை 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் சியாட்டலில் இருந்த நண்பர் பென் கிப்பர்டுக்குத் தபாலில் அனுப்பினார். அவர் சொல்லும் குரலும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். இப்படிப் பிறந்த 10 பாடல்கள் 2003இல் 'கிவ் அப்' என்ற இசைத்தட்டாக வந்தன. குழுவுக்கு வைத்த பெயரே 'தபால் சேவை'! பெயருக்கு உரியவர்களான அமெரிக்கத் தபால் துறையினர் முதலில் எச்சரித்தார்கள். பிறகு உடன்பாடு செய்துகொண்டு அந்தத் தட்டைத் தாங்களே விற்றார்கள். பத்தாண்டுகளில் அது 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்று தபாலின் இடத்தில் இணையம் இருக்கிறது. ஆனாலும் இருவர் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பது கடினம். ஒலி ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு பிந்தினாலே தாளம் இடறத் தொடங்கும். ஆகவே மாறி மாறிச் செய்வதே நல்லது. பிள்ளைகளுக்கு மூன்று யோசனை சொல்லுங்கள்.

முதலாவது, நிமிடத்துக்கு எத்தனை தட்டு, எந்தச் சுருதி என்பதைத் தொடங்குமுன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு கருவியையும் தனித்தனிக் கோப்பாக, எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும்படி அனுப்புங்கள். சுருக்காத 'வேவ்' கோப்பே நல்லது. எம்பி3 ஆகச் சுருக்கினால் இழந்த ஒலி திரும்பாது. குறுந்தட்டுத் தரத்தில் 4 நிமிடக் கோப்பு ஒன்று சுமார் 40 மெகாபைட் வரும்.

மூன்றாவது, நண்பன் அனுப்பியதை அழித்து அதன்மேல் எழுதாதீர்கள். தேதி போட்டுப் பழைய பிரதியையும் வைத்திருங்கள்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. பாட்டு யாருடையது? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் முன்னோரை நினைத்து அறிவு எழுதி, தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் பரவியது. நம் தோட்டத்து மக்களின் நெஞ்சையும் தொட்டது. ஆனால் அதில் யார் பங்கு என்ன என்று 2022இல் அறிவும், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும், தீயும் தனித்தனியே விளக்கம் சொல்ல நேர்ந்தது. அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்தாலே உரிமை பிறந்துவிடும். அதற்காக எந்த அலுவலகத்திலும் பதிந்தாக வேண்டியதில்லை. ஆனால் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை நண்பர்களே பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பாட்டு வெளிவருமுன் இதைச் செய்ய வேண்டும். காசு வந்தபின் பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் பெரியவர்கள். பெற்றோரே, பிள்ளையின் பாட்டை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, "உன் கூட்டாளியோடு கணக்கை எழுதி வைத்தாயா?" என்றும் கேளுங்கள். பாட்டும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்.