கெட்டி மேளமும் கம்ப்யூட்டர் கேமும்

சினிமாவுக்குப் பின்னணி இசை சேர்ப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகி கதவைத் திறக்க 4 செகண்ட் என்றால், எத்தனை தரம் ஓட்டினாலும் 4 செகண்ட்தான். வீடியோ கேமுக்கு மியூசிக் போடுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆடுகிற பையன் கதவுக்கு முன்னால் நின்றபடி அம்மாவோடு கால் மணி நேரம் வழக்காடுவான். அதுவரை பாட்டு அலுக்காமல் சுற்ற வேண்டும். அவன் கதவைத் திறந்த கணமே மாறவும் வேண்டும்.

எனக்கெதற்கு இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? திருநின்றவூரில் எங்கள் வீட்டு மாடியில் வளரும் அக்கா பையன், பி.காம். இரண்டாம் வருஷம். "மாமா, கேம் மியூசிக் கத்துக்கப் போறேன்" என்கிறான். அக்காவோ, "சி.ஏ. படிக்கச் சொல்லுடா!" என்கிறாள். நானும் பி.காம். ஆயிற்றே, வரவு செலவைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பாடம் சிக்கனம். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மொத்தமே நாலு ஸ்வரம். எதிரிகள் நெருங்க நெருங்க அதுவும் வேகம் பிடிக்கும், நமக்குப் படபடக்கும். 1983-ல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமில் ஒலிக்கு ஐந்தே சானல். அதில் ஒன்று வெறும் இரைச்சல். அதைத்தான் தாளமாக்கிக் கொண்டார்கள். அந்தக் கையளவு இடத்தில்தான் கோஜி கோண்டோ 1985-ல் சூப்பர் மாரியோவுக்கு மெட்டுப் போட்டார். மாசக் கடைசியில் குடும்பம் நடத்துகிற இல்லத்தரசிகளுக்கு இந்த வித்தை புரியும்.

இரண்டாவது பாடம் அடுக்கு. ஒரே பாட்டை நாலைந்து தனித்தனி அடுக்காகப் பதிவு செய்கிறார்கள். சும்மா நடந்தால் புல்லாங்குழல் மட்டும். எதிரி வந்தால் டிரம்ஸ் சேரும். ஜெயித்தால் மெல்ல விலகும். லூகாஸ் ஆர்ட்ஸ் கம்பெனி 1991-லேயே 'ஐமியூஸ்' என்று இதற்கொரு ஏற்பாடு செய்தது. இன்றைக்கு எஃப்மாட், வைஸ் என்ற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, கற்றுக்கொள்கிறவர்களுக்கு இலவசம்.

யோசித்தால் நமக்கு இது புதுசா? கல்யாணத்தில் நாயனக்காரர் ஆலாபனையில் திளைத்துக் கொண்டிருப்பார். ஐயர் விரலை ஆட்டி, "கெட்டி மேளம்!" என்றதும் அந்த நிமிஷமே தடதடவென்று மாறும். மாப்பிள்ளை தாலியோடு தடுமாறினால் மேளமும் நீளும். இதைத்தான் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்!

நம்ம ஊர் இசைக்கு அங்கே இடம் உண்டா? உண்டு. 2023-ல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை. அடுப்படி ரேடியோவில் அந்தந்தக் காலத் தமிழ் சினிமா பாணியில் புதுப் பாட்டுகள் வரும். 2024-ல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. கிராமியும் 2023 முதல் கேம் இசைக்குத் தனிப் பரிசு தருகிறது.

இனி செலவுப் பக்கம். பெரும்பாலும் நிமிஷக் கணக்கில் ஒரே தடவை கூலி. ஒப்பந்தத்தில் பங்கு எழுதவில்லையென்றால், கேம் கோடிக்கு விற்றாலும் இசையமைத்தவருக்கு வேடிக்கை பார்க்கிற பாக்கியம்தான். ஆகவே, பி.காம். வீண் போகாது என்றேன். அக்காவுக்குப் பாதி சமாதானம்.

மீதிப் பாதிக்குப் பூசலார் உதவினார். காசில்லாமல் மனசிலேயே கோயில் கட்டிய நாயனார், எங்களூர்க்காரர். ஆனால் அவரும் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாரே! காஞ்சியில் கற்கோயில் கட்டிய ராஜாவே தன் தேதியை மாற்ற வேண்டி வந்ததே!

"ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் வரும். முன்பின் தெரியாதவர்கள் கூடி, சில நாளில் ஒரு கேமை முடிப்பார்கள். நீ அதற்கு ஒரு பாட்டு முடி, அப்புறம் சி.ஏ.வா, மியூசிக்கா என்று பேசலாம்" என்றேன்.

காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறான். அக்கா அதை இன்னும் அழிக்கவில்லை.