ரூம் போட்டது தூங்கவா... சுத்தியல் சத்தம் கேட்கவா?

ரிப்பேர் நடக்கும் லாட்ஜ்களில் வெளியூர்க்காரர்கள் படும் பாடு!

சென்னை எழும்பூர். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. தென் மாவட்ட ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பெட்டியும் பையுமாக ஜனங்கள் வெளியே வருகிறார்கள்.

"ரூம் வேணுமா சார்? ஏ.சி. இருக்கு, நான்-ஏ.சி. இருக்கு. பக்கத்துலதான்... வாங்க!"

ஆட்டோக்காரர்களும் லாட்ஜ் ஆட்களும் சூழ்ந்து கொள்கிறார்கள். காந்தி-இர்வின் ரோடு, கென்னட் லேன், பெரியமேடு... எந்தப் பக்கம் திரும்பினாலும் லாட்ஜ் போர்டுதான்.

இங்கே வந்து இறங்குகிறவர்களில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் குறைவு. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலைக்கு இன்டர்வியூ வந்தவர்கள், கோர்ட்டு கேசுக்கு வந்தவர்கள், கொள்முதலுக்கு வந்த கடைக்காரர்கள்... இவர்கள்தான் அதிகம்.

1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி எழும்பூரில் இருக்கிறது. குழந்தைகள் ஆஸ்பத்திரியும், தாய்-சேய் ஆஸ்பத்திரியும் எழும்பூரில்தான். சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி. ஆக, இந்த வட்டாரத்து லாட்ஜ் அறைகளில் பல, நோயாளிகளும் அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்களும் தலை சாய்க்கிற இடம்.

அப்படி வருகிறவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று. படுக்க ஒரு கட்டில், குளிக்கத் தண்ணீர், கொஞ்சம் அமைதி.

அந்த மூன்றுக்கும் இப்போது ஆபத்து. அதன் பெயர் "ரினவேஷன்"!

படத்தில் பளபளப்பு, நேரில் பொடி

பழைய கட்டிடங்கள். மொசைக் தரை தேய்ந்து போய்விட்டது. தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து விட்டது. வயரிங் பழசு. சரி செய்யத்தான் வேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆனால் லாட்ஜை மூடிவிட்டுச் செய்கிறவர்கள் சிலர்தான். ஒரு மாடியை உடைப்பார்கள். அடுத்த மாடியில் ஆளை ஏற்றுவார்கள்!

செல்போனில் படம் பார்த்து ரூம் போடுகிற காலம் இது. படத்தில் வெள்ளை விரிப்பு, புது டைல்ஸ், பளிங்கு போல் பாத்ரூம். நேரில் வந்து பார்த்தால், வாசலில் மணல் குவியல். வரவேற்பு மேஜை மேல் பிளாஸ்டிக் தாள். ஜன்னலைத் திறந்தால் சாரக் கம்பு. அதன் மேல் நின்று ஒருவர் பெயிண்ட் அடித்துக் கொண்டிருக்கிறார்!

கையில் காசை வாங்கும் வரை "வேலை நடக்கிறது" என்ற பேச்சே கிடையாது.

ஆபரேஷன் முடிந்த கையோடு...

கோவில்பட்டி பக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல். கண்ணில் புரை. மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே ஒரு ராத்திரி மட்டும் தங்க, மகன் முதல் நாளே செல்போனில் ரூம் போட்டு விட்டார். வாடகை 1,400 ரூபாய். அட்வான்ஸ் 2,000 ரூபாய்.

சாயங்காலம் 6 மணிக்கு மூன்றாவது மாடியில் சாவி கொடுத்தார்கள். அப்போது ஒரு சத்தமும் இல்லை.

எட்டரை மணிக்கு ஆரம்பித்தது கச்சேரி!

நேர் மேலே நாலாவது மாடியில் பழைய தரையைப் பெயர்த்தார்கள். 'டர்ர்ர்...' என்று டிரில்லிங் மிஷின். நடுநடுவே சம்மட்டி அடி. அது ஓய்ந்தால் டைல்ஸ் அறுக்கும் சத்தம். கூரையில் இருந்து காரை உதிர்ந்தது. கதவு இடுக்கு வழியாக வெள்ளைத் தூசி உள்ளே வந்தது. மின்விசிறியைப் போட்டால் கட்டில் மேலேயே பொடி விழுந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு அம்மா சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். அப்பா போர்வையை நனைத்துக் கதவு இடுக்கை அடைத்தார். மகன் கீழே ஓடினார்.

"அண்ணாச்சி, அம்மாக்கு இன்னைக்கு மத்தியானந்தான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேலை நடக்குன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற இடம் பாத்திருப்போம்லா?"

மேனேஜர் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"நீங்க கேக்கலையே சார்!"

வேறு அறை கேட்டார். "ஃபுல்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டார். "சாவி வாங்கியாச்சு, ரூமை யூஸ் பண்ணியாச்சு" என்றார்கள். வாடகை 1,400, வரி 70, ஆக 1,470 ரூபாயைப் பிடித்துக் கொண்டு, மீதி 530 ரூபாயை மட்டும் மேஜையில் வைத்தார்கள்.

ராத்திரி பத்தரை மணிக்கு, தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக் கொண்டு, மூன்று மாடி இறங்கி, இரண்டு தெரு தள்ளி இன்னொரு லாட்ஜில் 1,800 ரூபாய் கொடுத்துப் படுத்தார்கள். ஒரே ராத்திரிக்கு இரண்டு வாடகை!

நல்ல வேளை, மறுநாள் டாக்டர் பார்த்து "கண் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். வேறு மாதிரி சொல்லியிருந்தால்? அந்த 1,470 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் ஈடாகி விடுமா?

நாலு மாடி... லிப்ட் இல்லை

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல.

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஒருவர். இரண்டு பெட்டி நிறைய சாம்பிள். லிப்ட் வாசலில் "பழுது" என்று ஒரு அட்டை. நாலு மாடியும் சுமந்து ஏறினார். "வாடகையில ஒரு பத்து ரூபாய்கூடக் குறைக்கலை சார். லிப்டுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குறாங்க?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்!

வேலைத் தேர்வுக்கு வந்த ஒரு பெண். காலை 6 மணிக்குக் குளிக்கப் போனால் குழாயில் காற்றுதான் வந்தது. புதுக் குழாய் மாட்டுவதற்காகத் தண்ணீரை நிறுத்தி விட்டார்களாம். முன்னால் சொன்னால் ஒரு வாளி பிடித்து வைத்திருக்க மாட்டாரா? துணைக்கு வந்த அப்பா தெருக்கோடி டீக்கடையில் கெஞ்சி ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்தார்.

மேனேஜர் என்ன சொல்கிறார்?

லாட்ஜ்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

"மூணு மாசம் மூடிட்டு வேலை பாருங்கன்னு சொல்றது சுலபம். பேங்க் கடன் வட்டி நிக்குமா? இருபது பேருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது? ரிப்பேர் பண்ணலைன்னா, 'பழைய லாட்ஜ், பாத்ரூம் சரியில்லை'ன்னு செல்போன்ல எழுதிடறாங்க. பண்ணினா, 'சத்தம்'னு எழுதறாங்க. நாங்க என்னதான் சார் பண்றது?" என்று ஒரு மேனேஜர் அலுத்துக் கொள்கிறார்.

கல்யாண முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் கூட்டம் குறையும். அப்போது வேலையை ஆரம்பித்து, ஆவணி முகூர்த்தத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பறக்கிறார்கள். அதனால்தான் ராத்திரியிலும் வேலை.

டைல்ஸ் அறுக்கிறவரைக் கேட்டால் அவர் கதை வேறு. வாயில் ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான் பாதுகாப்பு. "ரூம்ல தங்கினவங்க ஒரு நாள் இருமுவாங்க. நாங்க தினம் இருமறோம். மேஸ்திரி ராத்திரி செய்னா, செய்யணும்" என்கிறார்.

டைல்ஸ் தூசியில் நைசான சிலிக்கா பொடி உண்டு. நாள்பட நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டுக் கொண்டே அறுக்கும் மிஷின் இருந்தால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். தங்குகிறவருக்கும் நல்லது, வேலை செய்கிறவருக்கும் நல்லது.

மாடிப்படியில் சிமெண்டு மூட்டை!

தூசியும் சத்தமும் ஒரு ராத்திரித் தொல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

மாடிப்படியில் சிமெண்டு மூட்டை. நடைபாதையில் பிளைவுட் பலகை. மூலையில் பெயிண்ட் டப்பா, தின்னர் கேன். அவசர வழிக் கதவுக்கு முன்னால் பழைய கட்டில்கள். பக்கத்திலேயே வெல்டிங் பொறி பறக்கிறது.

2025 ஏப்ரல் 29-ந் தேதி ராத்திரி கொல்கத்தா பர்ராபஜார் பகுதியில் ஒரு ஓட்டலில் தீப்பிடித்தது. அங்கேயும் முதல் மாடியில் கட்டிட வேலை நடந்து கொண்டிருந்தது. 14 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தீயில் கருகவில்லை. வெளியே வர வழி இல்லாமல், புகையில் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

அந்த 14 பேரில் மூன்று பேர் நம் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு தாத்தா, அவருடைய பேரக் குழந்தைகள் இரண்டு பேர். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், தங்கிய அறையே எமனாகி விட்டது.

படிக்கட்டில் கிடக்கிற ஒரு மூட்டை என்ன செய்யும் என்று அலட்சியமாகக் கேட்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

"நீங்க கேக்கலையே" என்று சொல்லித் தப்பித்துவிட முடியுமா? முடியாது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். கேட்கவில்லை என்பது சாக்காகாது. சொல்ல வேண்டியது காசு வாங்குகிறவரின் கடமை!

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. கோவில்பட்டிக்காரர் தூத்துக்குடி மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம்.

ராத்திரி வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்புப் பகுதியிலும், அமைதிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்திலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் போடும் கட்டிட மிஷின்களை ஓட்டக் கூடாது. ஒலி மாசுத் தடுப்பு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. ஓட்டினால் போலீசுக்குப் போன் செய்யலாம்.

சாவி வாங்கும் முன்...

விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனைகள் இவை:

போனில் ரூம் போடும்போதே, "வேலை ஏதாவது நடக்கிறதா? எந்த மாடியில்? எத்தனை மணி வரை?" என்று கேளுங்கள். பதிலைச் செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள். மேல் மாடிக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மாடிப்படி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூட்டையும் பலகையும் மறித்துக் கிடந்தால் அங்கே தங்காதீர்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள். தினம் 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு மேல் போட்டிருந்தால் கேளுங்கள்.

தொல்லை நேர்ந்தால் செல்போனில் படம் எடுங்கள், சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். புகாரை மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

கவனிப்பார்களா?

லாட்ஜ் முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. "இந்த மாடியில் வேலை நடக்கிறது, இத்தனை மணி வரை சத்தம் இருக்கும், அதனால் வாடகையில் இவ்வளவு குறைவு" என்று வாசலில் ஒரு போர்டு. செல்போன் விளம்பரத்திலும் அதே வாசகம். சம்மதம் உள்ளவர் தங்குவார். இல்லாதவர் அடுத்த தெருவுக்குப் போவார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

நோயாளியையும் குழந்தையையும் வைத்துக் கொண்டு வருகிறவர்களுக்கு, வேலை நடக்கிற மாடியில் இருந்து தள்ளி ஒரு அறை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சுத்தியலுக்கு ஓய்வு. மாடிப்படியில் ஒரு செங்கல்கூடக் கூடாது.

மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் வேலை நடக்கிற லாட்ஜ்களை அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்தால், பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

நாளைக் காலையும் எழும்பூரில் ரயில் வரும். யாரோ ஒரு மகன், யாரோ ஒரு தாயைக் கைப்பிடித்து இறக்குவான். அவர்களிடம் சாவியைக் கொடுக்கும் முன் உண்மையைச் சொல்வார்களா?