மாத்திரைக்கு ஒரு கணக்கு நோட்டு!

“மாத்திரை போட்டாச்சா?”

நம் வீடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் கேட்கப்பட்டு வந்த கேள்வி இது. பி.பி., ஷுகர், மூட்டுவலி என்று தாத்தா - பாட்டிகளின் ஏகபோக உரிமை! இப்போது சில வீடுகளில், காலை ஏழேகாலுக்கு ஒற்றைக் கால் ஸாக்ஸைத் தேடிக் கொண்டிருக்கும் 8 வயதுப் பையனிடமும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. கேட்கிற அம்மாவின் குரலைக் கவனியுங்கள். பாதி அக்கறை, பாதி பயம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று சுருதியும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஏ.டி.ஹெச்.டி. என்கிறார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது, சில பிள்ளைகளுக்கு உடம்பும் நிற்காது. சட்டென்று ஒன்றைச் செய்துவிட்டு அப்புறம் திருதிருவென்று விழிப்பார்கள். உலக அளவில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இது உண்டு என்கிறது மருத்துவம். அந்தக் கணக்குப்படி 60 பேர் அடைந்து கிடக்கும் நம்மூர் வகுப்பில் 3 பேர். (மிச்ச 57 பேர் சாதாரண வால்கள்!)

நான் படித்தது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ஃபீஸ் கட்டுவது. ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு சின்னத் தகுதி உண்டு. என் அக்கா பையனுக்கு இந்த மாத்திரையை ஆரம்பித்து, கூட்டி, குறைத்து, ஒரு நிலைக்குக் கொண்டுவந்த மூன்று மாதமும் நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவன் அடியேன்தான். பையன் பெயர் வேண்டாம். ‘புயல்’ என்று வைத்துக் கொள்ளுங்கள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பாட்டியின் சாட்சியம்

டாக்டரம்மா ‘மாத்திரை’ என்ற வார்த்தையைச் சொன்னதுமே வீட்டில் இரண்டு கட்சி. எதிர்க்கட்சித் தலைவர், அக்காவின் மாமியார். அடுத்த தடவை க்ளினிக்குக்குத் தானும் கிளம்பி வந்துவிட்டார்.

“ஏம்மா, சின்னப் பிள்ளைன்னா ஓடத்தான் செய்யும். இவன் அப்பன் மட்டும் என்னவாம்? அஞ்சாவது வரைக்கும் ஒரு பரீட்சையும் முழுசா உட்கார்ந்து எழுதினதில்ல. வாரத்துக்கு ஒரு பென்சில் பாக்ஸ் தொலைப்பான். அவன் இன்னிக்கு நல்லா இல்லையா?”

பாட்டி கேஸை எதிர்த்து வாதாடுவதாகத்தான் நினைத்தார். டாக்டரம்மாவோ அதை அப்படியே எழுதிக் கொண்டார்! காரணம், உயரத்தைப் போலவே இதுவும் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் ‘முன்னோடி’ உண்டா என்று தவறாமல் கேட்கிறார்கள்.

இன்னொரு கேள்விக்கும் பாட்டியிடம்தான் பதில் இருந்தது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே இதயக் கோளாறால் திடீரென்று இறந்திருக்கிறார்களா? பையன் ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிறகு எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்தார்கள். எங்கள் பாஷையில் ‘ஓப்பனிங் பேலன்ஸ்’. அது இல்லாமல் பின்னால் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

(ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் மாத்திரையில் ஆரம்பிப்பதில்லை. முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி!)

டென்னிஸ் ஆடிய மருந்து

இந்த மருந்துகளின் கதை சுவாரஸ்யமானது. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், ஒரு பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தலைவலிக்காக பென்ஸெட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகப் போகவில்லை. ஆனால் பிள்ளைகள் பாடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள்! 30 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 14 பேரிடம் பளிச்சென்று மாற்றம். பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1944-ல் ஸ்விட்சர்லாந்தின் ஸீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிஸோன் என்ற ரசாயன நிபுணர் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அந்த அம்மாள் டென்னிஸ் ஆடப் போகும் முன் இதைப் போட்டுக் கொள்வாராம். அவர் பெயரால்தான் அது ‘ரிட்டாலின்’ ஆனது. இன்று நம் ஊர் டாக்டர்களும் அதிகம் எழுதுவது, வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், இதே மெத்தில்ஃபெனிடேட்டைத்தான்.

‘ஏற்கெனவே குதிக்கிற பையனுக்கு உற்சாக மருந்தா?’ என்று கேட்கத் தோன்றும். மூளையில் ‘இதைக் கவனி, அதை விடு’ என்று சேதி சொல்லும் டோபமைன், நார்அட்ரினலின் இரண்டும் வேலை முடிவதற்குள் திரும்ப உறிஞ்சப்படாமல், கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க மருந்து உதவுகிறது. அவ்வளவுதான். சாதாரண மாத்திரை அரை மணி, ஒரு மணியில் வேலையை ஆரம்பித்து ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி வரை. அதனால் அளவு சரியா, தப்பா என்று சில நாட்களிலேயே பார்த்துவிடலாம்.

அடோமாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்து வேறு ஜாதி. முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் பிடிக்கும். “பத்து நாளாச்சு, ஒண்ணும் கேக்கலை” என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஒரே மருந்து, இரண்டு பலன்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, 1999-ல் வெளியான எம்.டி.ஏ. என்ற பெரிய அமெரிக்க ஆராய்ச்சி. 7 முதல் 9 வயது வரை 579 பிள்ளைகள், 14 மாதம். ஒரு பிரிவினருக்கு முதல் மாதமே அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து, எது சரி என்று கண்டுபிடித்தார்கள். பிறகு மாதாமாதம் பார்த்து, டீச்சரிடமும் விசாரித்து, தேவைக்கேற்பத் திருத்தினார்கள். இன்னொரு பிரிவினரை அவரவர் ஊர் வைத்தியத்துக்கே விட்டுவிட்டார்கள். அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். ஆனால் முதல் பிரிவினருக்குத்தான் பலன் அதிகம்.

மாத்திரை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், பார்த்துப் பார்த்துத் திருத்தியதில்! அந்த மாதாமாதக் கவனிப்பு நின்றபின், மூன்றாவது வருடம் பார்த்தபோது பிரிவுகளுக்குள் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

டாக்டர் முதல் நாள் எழுதிக் கொடுப்பது முடிவான அளவு இல்லை. மிகச் சின்ன அளவில் ஆரம்பித்து, வாரக் கணக்கில் பொறுத்து, மெதுவாகக் கூட்டுகிறார்கள். பையனின் எடையை வைத்து மட்டும் அளவைச் சொல்லிவிட முடியாது. வீடும் பள்ளிக்கூடமும் பார்த்துச் சொன்னால்தான் முடியும்.

அங்கேதான் நம்ம நோட்டு வருகிறது. 40 பக்கம், கோடு போட்டது. தேதி, மாத்திரை நேரம், அளவு, டிபன் பாக்ஸ், சாயங்காலம், தூக்கம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தைப் புயலே நிரப்ப வேண்டும். இன்றைய நாளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? யாரும் திருத்தக் கூடாது.

வகுப்பு டீச்சரிடம் அக்கா ஒரு உதவி கேட்டாள். “மிஸ், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு வரி எழுதித் தாங்க. எந்த வாரம் அளவு மாறுதுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.” ஆடிட்டருக்கு முன்கூட்டியே லாபத்தைச் சொல்லிவிட்டால் தணிக்கை எதற்கு? அந்த மூன்று மாதமும் புது டியூஷன், புது அபாகஸ் கிளாஸ் எதுவும் கிடையாது. ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று சித்ரகுப்தனாலும் சொல்ல முடியாது.

சிரிக்காத வாரம்

முதல் அளவில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவதில் வகுப்பில் கணக்கை முடிக்க ஆரம்பித்தான். மூன்றாவதில் டீச்சரின் இரண்டு வரி அமோகம்: ‘மிகவும் அமைதி. எழுந்திருப்பதே இல்லை. வெரி குட்!’

வீட்டில் சுவீட் வாங்காத குறை. ஆனால் அந்த வார நோட்டில் அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: ‘மூன்று நாளாக கமெண்ட்ரி இல்லை. சிரிக்கவில்லை.’

புயலுக்கு ஒரு வழக்கம். பாட்டி தோசை திருப்புவதைக்கூட கிரிக்கெட் கமெண்ட்ரியாகச் சொல்வான். அது நின்று போயிருந்தது. சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் அவன் போட்டிருந்த மார்க் 3. பக்கத்திலேயே கோணல் எழுத்தில், ‘போர்’.

டாக்டரம்மா டீச்சரின் வெரி குட்டைப் படித்தார். அக்காவின் வரியைப் படித்தார். ‘போர்’ என்பதை இரண்டு தடவை பார்த்தார்.

“பையன் பொம்மை மாதிரி உட்கார்ந்தா அது வெற்றி இல்லம்மா. அளவு ஜாஸ்தின்னு அர்த்தம். அவன் அவனாவே இருக்கணும், கொஞ்சம் கவனத்தோட. அதுதான் நமக்கு வேணும்” என்றவர், பழைய இரண்டாவது அளவுக்கே இறக்கினார். நாலாம் நாள் தோசைக் கல்லில் மறுபடி சிக்ஸர்!

யோசித்துப் பாருங்கள். வெறும் டீச்சர் பேச்சை வைத்து முடிவெடுத்திருந்தால் அந்த அளவே நிலைத்திருக்கும். எல்லோருக்கும் நிம்மதி, ஒருவனைத் தவிர.

டிபன் பாக்ஸும் ஐந்து மணியும்

செலவுப் பத்தியில் முதலில் வருவது பசி. மத்தியானம் டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வரும். திட்டிப் பயனில்லை. பசி நிஜமாகவே இருக்காது. எங்கள் வீட்டில் எடுபட்ட வழி: மாத்திரைக்கு முன்னாலேயே நெய் விட்ட பொங்கலோ, இரண்டு தோசையோ. மத்தியானம் கொஞ்சமாக எலுமிச்சம்பழ சாதம். ராத்திரி மருந்து இறங்கியபின் பசி திரும்பும்போது இன்னொரு ரவுண்டு. கூடவே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முட்டை, நேந்திரம்பழம். மாதம் ஒரு தடவை அதே மெஷினில் எடை, சில மாதத்துக்கொரு முறை உயரம். வளர்த்தி கொஞ்சம் மந்தப்படலாம் என்பதால் டாக்டர் அதைக் கவனித்தே ஆக வேண்டும்.

அடுத்தது சாயங்காலம். மருந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். இல்லையென்றால் அழுவார்கள். அந்த வேளையில் ஹோம்வொர்க்கை எடுப்பது, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விடுகிற மாதிரி! ஏதாவது தின்னக் கொடுத்து, ஒரு மணி நேரம் தெரு கிரிக்கெட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தினமும் தொடர்ந்தால் நோட்டைக் காட்டுங்கள். டாக்டர் நேரத்தையோ வகையையோ மாற்றிப் பார்ப்பார். தூக்கம் தள்ளிப் போனாலும் அப்படியே. காலை மாத்திரை மறந்துவிட்டால் சாயங்காலம் கொடுக்கக் கூடாது, ராத்திரி சிவராத்திரிதான். மறுநாள் இரட்டிப்பாகவும் கூடாது.

இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுப்பது நம் பரம்பரைப் பழக்கம். மெதுவாகக் கரையும் வகையில் இதைச் செய்யவே கூடாது. நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். முழுங்க வராவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், கடுமையான படபடப்பு, இல்லாததைப் பார்க்கிறேன், கேட்கிறேன் என்பது, செத்துப் போகலாம் போலிருக்கிறது என்கிற பேச்சு இவற்றில் எது வந்தாலும் நோட்டில் எழுதிக் கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமா

மெத்தில்ஃபெனிடேட், 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாக் கடையிலும் இருக்காது. கடைசி அட்டை பாதி இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள். ஏன் என்கிறீர்களா? விஷயம் எப்படியோ கசிந்து, பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எங்க பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை வருது. ரெண்டே ரெண்டு குடேன்!”

அக்கா காபி மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

கடைசியாக, பேச்சு. பையன் டம்ளரைத் தட்டிவிட்டால் ‘இன்னிக்கு மாத்திரை போடலையா?’ என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். நல்ல மார்க் வாங்கினால் ‘மாத்திரை வேலை செய்யுது’ என்பதும் கூடாது. “கண்ணாடி போட்டா எழுத்து தெரியும். படிக்கிறது நீதான்” என்று டாக்டரம்மா சொன்னதைத்தான் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டில் ஒழுங்கான நேரம், ஒரு தடவைக்கு ஒரே வேலை, செய்ததும் ஒரு ‘சபாஷ்’ இவையும் வைத்தியம்தான். மாத்திரை பென்சில் பாக்ஸைத் தேடித் தராது. புயல் இன்னமும் தொலைக்கிறான். ஆனால் வாரத்துக்கொன்று, மாதத்துக்கொன்றாக ஆகியிருக்கிறது!

பிள்ளையை யாரிடம் காட்டுவது என்று புரியாமல் தவிக்கிறவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். போகும்போது ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கட்டங்களை உங்கள் வசதிப்படி போட்டுக் கொள்ளலாம். கடைசிக் கட்டத்தை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.