கூடா நட்பின் கூத்துகள்

திருவள்ளுவர் நட்பைப் பற்றி எழுதிய ஐந்து அதிகாரங்களில் இரண்டு கெட்ட நண்பர்களுக்கே போய்விட்டன: தீ நட்பு, கூடா நட்பு. என்ன கிடைக்கும் என்று நிறுத்துப் பார்த்துப் பழகுபவரை அவர் கள்வரோடு ஒரே வரிசையில் வைக்கிறார். நாம் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்கள் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. 'தளபதி' (1991) போல நண்பனுக்காக எதையும் செய்யும் நண்பர்களே எமக்குப் பழக்கம். துரோகம் செய்பவன் ஒருவன் இருந்தால் அவன் வில்லன். கடைசிக் காட்சியில் அவனுக்கு அடி விழும்.

ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வகை இருக்கிறது. துரோகி என்று தனியாக ஒருவன் கிடையாது. கூட்டத்தில் எல்லோருமே அப்படித்தான். யாரும் திருந்துவதில்லை. அதைவிட முக்கியம், யாரும் பிரிந்து போவதுமில்லை. இவர்களை இவர்களைத் தவிர வேறு யாரும் சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். இந்த இருண்ட நகைச்சுவையின் சிரிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

தொலைக்காட்சியில் இதற்குப் பாதை போட்டது 'சைன்ஃபெல்ட்' (1989-1998). நியூயோர்க்கில் நான்கு நண்பர்கள். கட்டிப்பிடித்து அழுவதும், பாடம் கற்றுக்கொள்வதும் கூடாது என்பது அதன் எழுத்தாளர்கள் தமக்கே விதித்துக்கொண்ட விதி. 1996 இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஜோர்ஜுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவனுக்கோ எப்படியாவது தப்பிக்க வேண்டும். அழைப்பிதழுக்குக் கடையில் இருப்பதிலேயே மலிவான உறைகளை வாங்குகிறான். மணப்பெண் சூசன் ஒவ்வோர் உறையாக நாக்கால் நனைத்து ஒட்டுகிறாள். அந்தப் பசையின் நச்சு அவளைக் கொன்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் செய்தி கேட்ட நால்வரும் சிறிது நேரம் நிற்கிறார்கள். பிறகு கோப்பி குடிக்கப் போகிறார்கள்.

ஒரு மரணத்தைக் காட்டி இப்படிச் சிரிக்க வைக்கலாமா என்று கேட்கலாம். நாம் அங்கே சிரிப்பது சூசனைப் பார்த்து அல்ல. துக்கம் வரவேண்டிய இடத்தில் நிம்மதி வந்துவிட்டதை மறைக்கத் தெரியாமல் நிற்கும் ஜோர்ஜின் முகத்தைப் பார்த்து. செத்தவீட்டில் வாசலில் நின்று வேறு கணக்குப் போடும் முகங்களை நாமும் கண்டிருக்கிறோம்.

1998 இல் வந்த கடைசி அத்தியாயத்தில், கண்ணெதிரே ஒருவரிடம் கார் பறிக்கப்படுவதைப் பார்த்துக் கேலி செய்ததற்காக நால்வருக்கும் ஓராண்டுச் சிறை கிடைக்கிறது. ஒன்பது பருவங்களில் அவர்களால் பாதிக்கப்பட்டவர்கள் சாட்சிக் கூண்டில் வரிசையாக ஏறுகிறார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை, எமக்கும் அப்படித்தான். வெளியிலிருந்து ஒரு நீதிபதி வந்து இவர்கள் கெட்டவர்கள் என்று சொன்னால் பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. ஆனாலும் சிறைக்குள் போனபின் அவர்கள் பேசுவது சட்டைப் பொத்தானைப் பற்றி. அது நல்ல இடம்.

'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா' இதைவிடக் கரியது. 2005 இல் தொடங்கிய தொடருக்கு 2025 இல் 17 ஆவது பருவம் வந்தது. ஓர் அழுக்கு மதுக்கடையை நடத்தும் ஐந்து பேர்; கடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிப்பார்கள். இதில் நாம் கவனிக்கச் சொல்வது கிரிக்கெட் என்று பட்டப்பெயர் கொண்ட பழைய பள்ளித் தோழனை. முதலில் வரும்போது அவன் ஒரு பாதிரியார். கூட்டத்தில் ஒருத்தி தன் காரியத்துக்காக அவனைக் காதலிப்பதுபோல் நடிக்கிறாள், அவன் துறவைவிட்டு வருகிறான், அவள் கைவிடுகிறாள். அதன்பின் அவன் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கேவலமான நிலையில் தெருவில் நிற்கிறான். ஐவருக்கும் அது உறைப்பதேயில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனைக் கண்டால் எமக்கு வயிற்றைப் பிசைகிறது.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு 'பீப் ஷோ' (2003-2015) இன்னும் கிட்டத்தில் நடக்கிறது. தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த குரோய்டனில் ஒரு வீட்டைப் பகிரும் இருவர், மார்க்கும் ஜெரமியும். ஒருவன் கடன் பிரிவில் வேலை செய்யும் கணக்குப்பிள்ளை மனசுக்காரன். மற்றவன் இசைக்கலைஞன் என்று சொல்லிக்கொண்டு வாடகை கொடுக்காதவன். கமரா அவர்களின் கண்ணாக இருக்கிறது. மனதுக்குள் நினைப்பதும் குரலாகக் கேட்கிறது. வாயால் சொல்வதற்கும் மனதில் ஓடுவதற்கும் உள்ள தூரம்தான் முழு நகைச்சுவையும். தற்செயலாகக் கொன்றுவிட்ட ஒரு பெண்ணின் நாயை, தடயம் மறைக்க, வான்கோழி இறைச்சி என்று அவள் முன்னாலேயே ஜெரமி கடிக்க நேரும் அத்தியாயம் ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

இந்தக் கதைகள் எம்மவருக்கு ஏன் சற்று அதிகமாகச் சுடும் என்றால், தனியாக வந்திறங்கிய காலத்தில் எமக்கு அண்ணன், தம்பி, மச்சான் எல்லாம் அறை நண்பர்கள்தான். ஓர் அறையில் நாலைந்து பேர், முறைவைத்துச் சமையல், சீட்டுக் காசு, ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு எடுத்த கடன். அவற்றில் சில முறிந்த விதம் வெளியே பேசப்படுவதில்லை. பேசினால் எந்தப் பக்கம் நிற்பது என்று ஊரே இரண்டாகிவிடும். குரோய்டனின் இரண்டு வெள்ளைக்காரரை வைத்து அதைச் சிரித்துத் தீர்க்கலாம்.

படம் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 'ஷாலோ கிரேவ்' (1994). டனி பொய்லின் முதல் திரைப்படம். பின்னாளில் ரஹ்மானுக்கு ஒஸ்கார் கிடைத்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' எடுத்தவர். எடின்பரோவில் ஒரு வீட்டில் ஒரு மருத்துவர், ஒரு கணக்காளர், ஒரு பத்திரிகையாளர். நாலாவது அறைக்கு ஆள் தேடுகிறோம் என்று வருபவர்களை அவமானப்படுத்தி மகிழ்கிறார்கள். கடைசியில் தேர்ந்தெடுத்தவர் அறைக்குள் இறந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பணம். பொலிசுக்குச் சொல்லாமல் பிணத்தைப் புதைத்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ள மூவரும் முடிவெடுக்கிறார்கள். அதுவரை ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைத்தவர்கள், பிறகு ஒருவர் காலடிச் சத்தத்தை இன்னொருவர் எண்ணத் தொடங்குகிறார்கள்.

கதை புதிதல்ல. புத்த ஜாதகக் கதைகளில் புதையலுக்காக ஒரு கள்வர் கூட்டமே வெட்டிக்கொண்டு சாக, இருவர் மிஞ்சுவார்கள். சோறு வாங்கப் போனவன் அதில் நஞ்சு கலக்கிறான். காவலிருந்தவன் அவன் வந்ததும் வெட்டிவிட்டு அந்தச் சோற்றையே உண்கிறான். 14 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சோசர் மூன்று குடிகார நண்பர்களை வைத்து இதே கதையைச் சொன்னார்.

'ஷாலோ கிரேவ்' பிள்ளைகளோடு இருந்து பார்க்கும் படமல்ல, இரத்தம் உண்டு. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட நினைத்திருப்பவர்கள் ஆளைச் சேர்த்த பிறகு பார்ப்பது நல்லது.