காருக்கும் கணப்பு!

கனடா நாட்டில் வின்னிபெக் என்று ஒரு நகரம். ஜனவரி மாதத்தில் அங்கே போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கார்களின் முகப்பிலிருந்து மின்சார ஒயர் தொங்கும். இரவில் அதன் நுனியைப் பக்கத்துக் கம்பத்தில் செருகிவிடுவார்கள். தொழுவத்தில் மாடு கட்டியதுபோல இருக்கும்!

எதற்காக?

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கினால், என்ஜின் எண்ணெய் பாகுபோலத் தடித்துவிடும். பாட்டரியும் சோர்ந்துவிடும். காலையில் கார் கிளம்பாது. ஆகவே, என்ஜினில் ஒரு சிறு மின்சார அடுப்பைப் பொருத்துகிறார்கள். உள்ளே இருக்கும் ரேடியேட்டர் நீரை அது வெதுவெதுப்பாக வைக்கிறது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரீமன் இத்தகைய கருவிக்கு 1949-ல் பேடண்ட் உரிமை பெற்றார்.

பழைய காரின் வம்பு

பழைய காரில் இந்த அடுப்பு ஒருநாள் சூடேறாது. சொந்தக்காரர் உடனே ஒயரைக் குறை சொல்வார். நியாயம்தான். குளிரில் விறைத்து, மடங்கி மடங்கி அறுந்துபோவது பெரும்பாலும் ஒயர்தான். ஒயரைக் கழற்றிவிட்டு அடுப்பின் முனைகளில் மீட்டரை வைத்தால் உண்மை தெரியும். அங்கே 120 வோல்ட் மின்சாரம். 400 வாட் அடுப்பு சுமார் 36 ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையா? அடுப்பே எரிந்துவிட்டது!

ஏன் எரிந்தது? காருக்கு அடியில் பனியைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சொட்டுகள்!

அடுப்பைப் பொருத்திய துவாரத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. நாளாக ஆக அது காய்ந்து இறுகிவிடும். குளிரில் சுருங்கும்போது ஒழுகும். என்ஜின் சூடானதும் நின்றுவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது ஒழுக்கே இருக்காது! இப்படி நீர் குறைந்து, அடுப்பு காற்றில் நின்றால் கருகத்தானே செய்யும்?

எனவே புது அடுப்பு மட்டும் போதாது. வளையத்தை மாற்றி, அது உட்காரும் இடத்தின் துருவையும் சுரண்ட வேண்டும்.

குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரை ஊற்றுவது அதைவிட ஆபத்து. கிளைக்கால் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீர் மிஞ்சினால் உறையும், உறைந்தால் பருக்கும், இரும்பு என்ஜினே பிளந்துபோகும்!

நீர் நிரப்பியதும் காரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறிய பிறகே அடுப்பை மின்சாரத்தில் செருக வேண்டும். கீழே சிந்திய பச்சைத் துளிகளையும் உடனே துடைத்துவிட வேண்டும். அது தித்திக்கும் விஷம். நாய்கள் நக்கிவிடும்.